லண்டனின் சின்ன அரங்குகள்: விருதுப் பட்டியலை எப்படிப் படிப்பது

2024-ல் லண்டனின் பெரிய நாடக விருதுகளான ஒலிவியர் விருதுகளில் சிறந்த புதிய மியூசிகல் (பாட்டோடு நடக்கிற இசை நாடகம்) விருது ‘ஆபரேஷன் மின்ஸ்மீட்’டுக்குப் போனது. அடுத்த வருடம் அதே விருது ‘த க்யூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்’ என்ற மியூசிகலுக்கு. இரண்டுமே 2019-ல், மிகச் சின்ன அரங்குகளில் முதன்முதலாக மேடை ஏறியவை. முதலாவது, நியூ டயோரமா என்ற 80 இருக்கை அரங்கில். இரண்டாவது, சதர்க் பிளேஹவுஸின் இரண்டு அரங்குகளில் சின்னதில். பெரிய விருது கையில் கிடைக்க ஒன்றுக்கு ஐந்து வருடம், இன்னொன்றுக்கு ஆறு வருடம் ஆயிற்று.

லண்டனுக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் பெரிய வணிக அரங்குகள் இருக்கிற வெஸ்ட் எண்டில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மியூசிகல் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் தப்பே இல்லை, அவை நல்ல வேலைதான். ஆனால் இன்னும் ஐந்தாறு வருடத்தில் வெஸ்ட் எண்டுக்கு வரப்போகிற படைப்பு இப்போதே ஏதோ ஒரு பப்பின் மாடியிலோ, பழைய கிடங்கிலோ, நூலகக் கட்டடத்திலோ நடந்துகொண்டிருக்கிறது. அதை இருபது பவுண்டு சுமாருக்கு, நடிகரின் மூச்சு கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் வழி தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, விருதுகளின் பரிந்துரைப் பட்டியல். ஜெயித்தவர்கள் பட்டியலைவிடப் பரிந்துரைப் பட்டியல்தான் அதிகம் சொல்லும். ஏன் என்பதற்கு, இந்த அரங்குகள் எப்படி நடக்கின்றன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

வெஸ்ட் எண்டுக்கு வெளியே இருக்கிற சின்ன அரங்குகளை ‘ஆஃப் வெஸ்ட் எண்ட்’ என்றும், இன்னும் சின்னவற்றை ‘ஃப்ரிஞ்ச்’ என்றும் சொல்கிறார்கள். கோடு எங்கே என்று யாரும் கறாராக வரையறுப்பதில்லை. கட்டடங்களின் கதைகள்தான் சுவாரசியம். இஸ்லிங்டனில் கிங்ஸ் ஹெட் என்ற பப்பின் பின்னறையில் 1970-ல் நாடகம் போட ஆரம்பித்தார்கள், அதிலிருந்து பப் தியேட்டர் என்பதே ஒரு மரபாகிவிட்டது. (அந்த அரங்கு 2024 ஜனவரியில், அதே பப்புக்குப் பின்னால் நிலத்தடியில் கட்டிய புது இடத்துக்கு மாறியது.) ஏர்ல்ஸ் கோர்ட் பக்கம் ஃபின்பரோ தியேட்டர், ஒரு பப்பின் மாடியில் 50 இருக்கைகள், 1980-லிருந்து இருக்கிறது. லண்டனில் கால் நூற்றாண்டாக யாரும் போடாத பழைய நாடகங்களைத் தேடி எடுத்துப் போடுவது அவர்களுடைய தனி வேலை. கோவென்ட் கார்டனில் இருக்கிற டோன்மார், ஒரு காலத்தில் வாழைக்காய் பழுக்கவைக்கிற கிடங்கு. அதில் 251 இருக்கைகள், இந்த உலகத்தில் அதைப் பெரியது என்றே சொல்ல வேண்டும். பிக்காடிலி சர்க்கஸிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜெர்மின் ஸ்ட்ரீட் தியேட்டர், 70 இருக்கை, நிலவறையில். முன்பு ஒரு உணவக ஊழியர்கள் உடை மாற்றிக்கொள்ளும் இடமாக இருந்தது. அங்கே பார்வையாளர் கழிப்பறைக்குப் போவதென்றால் மேடை வழியாகத்தான் போக வேண்டும், அதனால் நாடகம் ஆரம்பித்த பிறகு எழுந்திருக்க முடியாது. இடைவேளையில் கதாபாத்திரத்தின் வரவேற்பறையைக் கடந்து மக்கள் வரிசையாகப் போவார்கள், மேடையில் இருக்கும் தேநீர்க் கோப்பையைக் கை படாமல் சுற்றிக்கொண்டு.

இனி பணம். 80 இருக்கை அரங்கு, ஒரு டிக்கெட் 20 பவுண்டு, வாரம் எட்டு காட்சி, எல்லாம் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 12,800 பவுண்டு வரும். அதற்குள் நடிகர், இயக்குநர், ஒளி, ஒலி, மேடை நிர்வாகம், அரங்க வாடகை எல்லாம் அடங்க வேண்டும். நான்கு பேர் நடிக்கிற நாடகத்துக்கே இது இழுபறிதான், இசைக்குழுவோடு ஒரு மியூசிகல் என்றால் கணக்கே ஒத்துவராது. அதனால்தான் இந்த அரங்குகளில் பெரும்பாலானவை அரசு மானியம், அறக்கட்டளை நிதி, தனிப்பட்ட நன்கொடை, பப் வியாபாரம் என்று பல வழிகளில் தாக்குப்பிடிக்கின்றன. நடிகர்கள் பலர் நியாயமாகக் கிடைக்க வேண்டியதைவிடக் குறைந்த கூலிக்கு, சில இடங்களில் லாபத்தில் பங்கு என்ற பேச்சை மட்டும் நம்பி வேலை செய்கிறார்கள். அந்தப் பங்கு பல சமயம் பூஜ்யம்தான். இதை அழகான தியாகம் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. வீட்டு வாடகை கட்ட வசதியுள்ளவர்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கிற துறையாக அது ஆகிவிடுகிறது.

இந்தப் பண நெருக்கடியே ஒரு பாணியையும் உருவாக்கியிருக்கிறது. ‘ஆபரேஷன் மின்ஸ்மீட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-ல் பிரிட்டிஷ் உளவுத்துறை ஒரு பிணத்துக்கு ராணுவ அதிகாரி வேடம் போட்டு, பொய்யான கடிதங்களோடு ஸ்பெயின் கடலில் விட்டு, நேச நாடுகள் சிசிலியில் இறங்கப்போவதை ஜெர்மனியிடமிருந்து மறைத்த உண்மைச் சம்பவம்தான் கதை. அமைச்சர்கள், அதிகாரிகள், மாலுமிகள், உளவாளிகள் என்று டஜன் கணக்கில் பாத்திரங்கள். எல்லாவற்றையும் ஐந்தே பேர் நடிக்கிறார்கள். ஸ்பிட்லிப் என்ற குழு எழுதியது, எழுதியவர்களில் மூன்று பேர் தாங்களே நடிக்கவும் செய்தார்கள். தொப்பி மாறினால் ஆள் மாறிவிடும், ஆண் பாத்திரத்தைப் பெண்ணும் பெண் பாத்திரத்தை ஆணும் எடுத்துக்கொள்வார்கள். ஆள் வைக்கப் பணம் இல்லாத இடத்தில் பிறந்த இந்த முறை, பிறகு பெரிய அரங்குக்குப் போனபோதும் அப்படியே இருந்தது. அதுதான் அதன் உயிர்.

அதில் ஒரு பாட்டு. அந்தப் பிணத்தின் சட்டைப் பையில் வைக்க ஒரு காதல் கடிதம் வேண்டும், இல்லாத ஒரு காதலி எழுதியதாக. இளைஞர்கள் எழுதிப் பார்க்கிறார்கள், சரியாக வரவில்லை. அலுவலகத்தின் மூத்த செயலாளர் ஹெஸ்டர் நிதானமாகச் சொல்ல ஆரம்பிக்கிறார். வீட்டு விஷயம், தோட்டம், வானிலை என்று சாதாரணமாகப் போகிற கடிதம். அவர் சொந்தமாக எப்போதோ எழுதிய கடிதம் இதற்குள் இருக்கிறது, முதல் உலகப்போரில் ஒருவரை இழந்தவர் என்பது நமக்கு மெல்லப் புரிகிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கில் ஒரு சத்தம் இருக்காது. ஹெஸ்டராக நடித்த ஜாக் மலோன் ஓர் இளம் ஆண். கேலியாக ஒரு சைகை கூட இல்லாமல் செய்தார். 2024-ல் ஒலிவியர் துணை நடிகர் விருது, நாடகம் 2025-ல் நியூயார்க் போனதும் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது. இந்த நாடகத்தின் ரசிகர்கள் நிஜமான ஹெஸ்டர் யார் என்று பழைய ஆவணங்களில் தேடி அவருடைய வாழ்க்கையைக் கண்டெடுத்தார்கள், ஃபார்ச்சூன் தியேட்டரில் அவருக்கு ஒரு நினைவுப் பலகையும் வைக்கப்பட்டது.

இப்போது விருதுகளுக்கு வருகிறேன். ஒலிவியர் விருதை நடத்துவது லண்டன் தியேட்டர் சங்கம். பெரிய பிரிவுகளில், அதாவது சிறந்த புதிய நாடகம், சிறந்த மியூசிகல் போன்றவற்றில், அந்தச் சங்கத்தின் முழு உறுப்பினர்களாக உள்ள அரங்குகளில் நடந்தவைதான் போட்டியிட முடியும். 80 இருக்கை அரங்கில் எவ்வளவு நன்றாக ஒரு மியூசிகல் நடந்தாலும் அந்தப் பிரிவில் பெயர் வராது. ‘மின்ஸ்மீட்’ 2019-லேயே நல்ல நாடகம்தான், 2023-ல் 432 இருக்கைகள் உள்ள ஃபார்ச்சூனுக்குப் போன பிறகுதான் விருதின் கண்ணில் பட்டது. ‘பெஞ்சமின் பட்டன்’ கதையும் அதேதான், 2024 அக்டோபரில் அம்பாசடர்ஸ் தியேட்டருக்கு மாறிய பிறகே அதற்குக் கதவு திறந்தது.

சின்ன அரங்குகளுக்கென்று ஒலிவியரில் பல காலமாக இருப்பது ஒரே ஒரு விருது, ‘இணைப்பு அரங்குகள்’ (சங்கத்தின் முழு உறுப்பினராக இல்லாமல் அதோடு இணைந்திருப்பவை) என்ற பிரிவில். நாடகம், தனிநபர் நடிப்பு, மியூசிகல் எல்லாம் அந்த ஒரே வரிசையில் ஒன்றோடொன்று மோத வேண்டும். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஆனால் அதனாலேயே அந்தப் பிரிவின் பரிந்துரைப் பட்டியல் கனமாக இருக்கிறது. நகரம் முழுக்க ஒரு வருடம் நடந்த நூற்றுக்கணக்கான வேலைகளிலிருந்து நாலைந்தே பெயர்கள்.

ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் இருக்கிற புஷ் தியேட்டரைப் பாருங்கள். 1972-ல் ஒரு பப்பின் மாடியில் ஆரம்பித்து, 2011-ல் பக்கத்திலேயே ஒரு பழைய நூலகத்துக்குக் குடிபெயர்ந்தது. 2020-ல் அந்த விருது அங்கே நடந்த ‘பேபி ரெய்ண்டியர்’ நாடகத்துக்கு. 2021-ல் கொரோனாவால் விழா இல்லை. 2022-ல் ‘ஓல்ட் பிரிட்ஜ்’, 2023-ல் ‘த பி வேர்ட்’, 2024-ல் ‘ஸ்லீப்போவா’. எல்லாமே புஷ். ரிச்சர்ட் கேட் தன் சொந்த அனுபவத்தைத் தனியாளாக நடித்த ‘பேபி ரெய்ண்டியர்’ பின்னால் 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் தொடராகி உலகம் முழுக்கப் போனது, அது எல்லோருக்கும் தெரியும். மற்ற மூன்றும் அவ்வளவு வெளியே தெரியவில்லை. ‘ஓல்ட் பிரிட்ஜ்’ போஸ்னியாவின் மோஸ்தார் நகரத்தில், பழைய பாலம் குண்டில் விழுந்த போர்க்காலத்தில் நடக்கிற காதல். ‘த பி வேர்ட்’டில் இரண்டு பாகிஸ்தானிய ஆண்கள், ஒருவர் லண்டனில் வளர்ந்தவர், இன்னொருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதால் ஊரில் உயிருக்கு ஆபத்து என்று அடைக்கலம் கேட்டு நிற்பவர். எழுதிய வலீத் அக்தரே அதில் ஒருவராக நடித்தார். ‘ஸ்லீப்போவா’ நான்கு கறுப்பினச் சிறுமிகள் ஒருத்தி வீட்டில் ராத்தங்கிப் பேசிச் சிரித்து வளர்கிற கதை. போர், அகதி வழக்கு, பள்ளித் தோழிகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்துப் போட்டது ஒரே அரங்கின் கண். இந்த மாதிரி ஒரு வரிசையைப் பார்த்தால் அடுத்து அங்கே என்ன நடந்தாலும், எழுதியவர் பெயரே கேள்விப்படாதவராக இருந்தாலும், டிக்கெட் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

2025-ல் அந்த விருது சோஹோ தியேட்டரில் நடந்த, சாம் கிராபினர் எழுதிய ‘பாய்ஸ் ஆன் த வெர்ஜ் ஆஃப் டியர்ஸ்’ நாடகத்துக்கு. முழு நாடகமும் ஆண்களுக்கான ஒரு பொதுக் கழிப்பறையில் நடக்கிறது, சின்னப் பையனிலிருந்து கிழவர் வரை வந்து போகிறார்கள், அத்தனை பேரையும் ஐந்து நடிகர்கள் மாற்றி மாற்றிச் செய்தார்கள். மறுபடியும் ஐந்து பேர், கவனித்தீர்களா.

ஒலிவியருக்கு எட்டாத இடங்களைப் பார்ப்பதற்கு 2010-ல் ‘ஆஃபீஸ்’ என்ற விருதுகள் வந்தன, ஆஃப் வெஸ்ட் எண்ட் என்பதன் சுருக்கம்தான் பெயர். சோஃபி மேசன் ஆரம்பித்தது. சம்பளம் வாங்காத மதிப்பீட்டாளர்கள் ஊர் முழுக்கப் பிரிந்து போய்ப் பார்த்துப் பரிந்துரைக்கிறார்கள். நடிப்பு, இயக்கம், ஒளியமைப்பு, ஒலியமைப்பு, அரங்க அமைப்பு என்று தனித்தனியாகப் பிரிவுகள் உண்டு, அதனால் பட்டியல் நீளமாகவே இருக்கும், எல்லாமே ஒரே தரம் என்று நம்பிவிட வேண்டாம். நான் பார்ப்பது, ஒரே நாடகம் மூன்று நான்கு பிரிவுகளில் வருகிறதா என்று. எழுத்து, நடிப்பு, ஒலி மூன்றுக்கும் பெயர் வந்தால் அந்த வேலையில் எல்லோரும் ஒரே திசையில் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நடிப்புக்கு மட்டும் வந்தால், பலவீனமான நாடகத்தை ஒரு நல்ல நடிகர் தூக்கி நிறுத்தியிருக்கவும் கூடும்.

ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. சின்ன அரங்கில் ஒரு நாடகம் மூன்றிலிருந்து ஐந்து வாரம்தான் ஓடும். பரிந்துரைப் பட்டியல் வரும்போது அது முடிந்து மாதக்கணக்காகியிருக்கும். சரி, அப்புறம் பட்டியலால் என்ன பயன்? மூன்று விஷயம் கிடைக்கிறது: எந்த அரங்கு, எந்த எழுத்தாளர், எந்த இயக்குநர். சினிமா விருதுப் பட்டியல் பார்த்துப் படம் தேடுவதுபோல நாடகத்தைத் தேட முடியாது, ஆட்களைத்தான் தேட வேண்டும். அதில் சில நாடகங்கள் பெரிய அரங்குக்கு மாறி மறுபடி வரும். பேட்டர்சீயில் லாச்மியர் பப்பின் மாடியில் இருக்கிற தியேட்டர் 503-ல் 63 இருக்கைகள். 2009-ல் கடோரி ஹால் என்ற அமெரிக்க இளம் எழுத்தாளரின் ‘த மவுண்டன்டாப்’ அங்கேதான் முதலில் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்படுவதற்கு முந்தைய இரவு, மெம்ஃபிஸ் விடுதி அறையில் அவரும் காபி கொண்டுவருகிற பணிப்பெண்ணும், இரண்டே பேர். அதே வருடம் வெஸ்ட் எண்டுக்கு மாறியது, 2010-ல் ‘ஜெருசலேம்’, ‘என்ரான்’ போன்ற பெரிய போட்டிகளைத் தாண்டி ஒலிவியரின் சிறந்த புதிய நாடகம் ஆனது. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். 2021-ல் வேறொரு நாடகத்துக்காக அமெரிக்காவின் புலிட்சர் விருதும் வாங்கினார்.

ஆட்களைத் தேட வேண்டும் என்று சொன்னதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. ஸ்லோன் ஸ்கொயரில் ராயல் கோர்ட் தியேட்டரின் மாடியில் ஒரு சின்ன அரங்கு, 1969-லிருந்து இருக்கிறது. 1973-ல் ‘த ராக்கி ஹாரர் ஷோ’ முதன்முதலாக 63 பேர் முன்னால் நடந்தது அங்கேதான். 2007 நவம்பரில் அதே மாடியில் ‘ஃப்ரீ அவுட்கோயிங்’ என்ற நாடகம். எழுதியவர் சென்னையைச் சேர்ந்த அனுபமா சந்திரசேகர், இயக்கியவர் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த இந்து ரூபசிங்கம். கதை நடப்பது சென்னையில், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஃபிளாட்டில். நன்றாகப் படிக்கிற பள்ளிப் பெண் தீபாவும் ஒரு பையனும் வகுப்பறையில் இருந்த காட்சி செல்போனில் பதிவாகி ஊரெல்லாம் பரவிவிடுகிறது. தீபா மேடைக்கு வருவதே இல்லை. உள்ளறையில் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியும், அவ்வளவுதான். அம்மா மாலினி, சகோதரன், பள்ளி, அண்டை வீடு, டிவிக்காரர்கள் எல்லோரும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவளிடம் யாரும் பேசுவதில்லை. வாட்ஸ்அப் இல்லாத காலத்தில், எம்.எம்.எஸ். காலத்தில் எழுதியது. இன்று வாசித்தால் இன்னும் கூர்மையாக இருக்கிறது.

அந்த நாடகம் மறுவருடமே கீழ்த்தளத்துப் பெரிய அரங்குக்கு இறங்கியது, அனுபமாவின் பெயர் லண்டன் பத்திரிகையான ஈவினிங் ஸ்டாண்டர்ட் தரும் நாடக விருதில் நம்பிக்கைக்குரிய புதிய எழுத்தாளர் பிரிவின் இறுதிப் பட்டியலில் வந்தது. விருது கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள் பின்னால் எங்கே போனார்கள் என்று பாருங்கள். அனுபமாவின் கோட்சே பற்றிய நாடகம் ‘த ஃபாதர் அண்ட் த அசாசின்’ 2022-ல் நேஷனல் தியேட்டரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ள பெரிய மேடையில், மறுபடியும் இந்துவின் இயக்கத்தில். மாலினியாக நடித்த லோலிதா சக்ரவர்த்தி 2012-ல் ‘ரெட் வெல்வெட்’ நாடகம் எழுதினார், அதையும் இந்துதான் இயக்கினார், அதற்கு அதே நம்பிக்கைக்குரிய எழுத்தாளர் விருது கிடைத்தது. பாண்டிச்சேரிப் பையனின் கதையான ‘லைஃப் ஆஃப் பை’யை மேடைக்கு எழுதியவரும் லோலிதாதான், அது 2022-ல் ஒலிவியரின் சிறந்த புதிய நாடகம். இந்து 2012 முதல் 2024 வரை கில்பர்னில் கில்ன் தியேட்டரை (292 இருக்கை, முன்பு ட்ரைசிக்கிள் என்று பெயர்) நடத்தினார், 2025-ல் நேஷனல் தியேட்டரின் இயக்குநரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண், வெள்ளையர் அல்லாத முதல் ஆள். 2007-ல் அந்த மாடியில் டிக்கெட் எடுத்தவர்கள் இதையெல்லாம் ஒரே ராத்திரியில் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள்.

கில்ன் பற்றி இன்னொன்று. ஜிம் பார்ன், கிட் புக்கன் எழுதிய ‘டூ ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ மியூசிகல் 2023 கடைசியில் அங்கே நடந்தது. மேடையில் இரண்டே பேர். அடுத்த வருடம் வெஸ்ட் எண்டின் கிரைட்டீரியன், 2025-ல் நியூயார்க்கின் பிராட்வே. சின்ன மியூசிகல் வேண்டும் என்றால் நான் முதலில் பார்க்கிற இடங்கள் கில்ன், சதர்க் பிளேஹவுஸ், அப்புறம் மெனியர் சாக்லேட் ஃபேக்டரி. நிஜமான பழைய சாக்லேட் தொழிற்சாலைதான் மெனியர், சுமார் 180 பேர் உட்காரலாம். அங்கே தொடங்கிய, அமெரிக்க இசையமைப்பாளர் சோண்ட்ஹைமின் ஒரு மியூசிகல் 2007-ல் ஐந்து ஒலிவியர் வாங்கியது.

இவையெல்லாம் நிலையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில், கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆர்ட்ஸ் கவுன்சில் மானியப் பட்டியலை மாற்றியபோது டோன்மார், ஹாம்ஸ்டெட், கேட் ஆகிய மூன்று அரங்குகளின் வழக்கமான மானியம் முழுவதுமாக நின்றது. புது எழுத்துக்கு, வெளிநாட்டு எழுத்துக்கு இடம் கொடுத்த இடங்கள். மானியம் நின்றால் முதலில் வெட்டுப்படுவது யாருக்கும் தெரியாத எழுத்தாளரின் முதல் நாடகம்தான், தெரிந்த நடிகர் வைத்துப் பழைய நாடகம் போடுவது பாதுகாப்பு. ஆகவே அடுத்த அனுபமாவுக்கு இடம் இருக்குமா என்பது எனக்கு நிஜமான கவலை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பத்திரிகைக்காரர்கள் வருகிற இரவுக்கு முன்னால் சில முன்னோட்டக் காட்சிகள் இருக்கும், டிக்கெட் மலிவு. பல பப் தியேட்டர்களில் இருக்கை எண் கிடையாது, சீக்கிரம் போனவருக்கு நல்ல இடம். தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், கதவே மேடையில்தான் இருக்கும். நிறைய நாடகங்கள் இடைவேளை இல்லாமல் எழுபது, எண்பது, தொண்ணூறு நிமிடம். பழைய கட்டடங்கள் என்பதால் மாடிப்படி ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, லிஃப்ட் இல்லாத இடங்கள் உண்டு. ஆகஸ்டில் லண்டன் கொஞ்சம் காலியாக இருக்கும், எல்லோரும் ஸ்காட்லாந்தில் நடக்கிற எடின்பரோ நாடக விழாவுக்குப் போய்விடுவார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் நல்ல காலம், எடின்பரோவில் பேர் வாங்கிய நாடகங்கள் சோஹோவுக்கும் புஷ்ஷுக்கும் வந்து சேரும். ‘பேபி ரெய்ண்டியர்’ அப்படித்தான் 2019 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்து, அந்த இலையுதிர் காலத்தில் புஷ்ஷுக்கு வந்தது.